தீபாவளி மேடையில் நாற்பது நிமிடம்: நம் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு டெக்சஸில் நம் தமிழ்ச் சங்கத்தை நடத்தும் செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தன்னார்வலர்களுக்கும் வணக்கம். சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி, அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் கட்டணமில்லாப் பள்ளிகளைப் பற்றி, வரும் தீபாவளி நிகழ்ச்சியில் பேச இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, சென்னையிலிருந்து வந்து ஐந்து மாதமே ஆன ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அக்கா, சார்ட்டர் ஸ்கூல்ல சீட் வாங்க யாரைப் பார்க்கணும்? டொனேஷன் எவ்வளவு ஆகும்?" எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டேன். யாரையும் பார்க்க வேண்டாம், ஒரு காசும் கொடுக்க வேண்டாம், ஆனால் அவர் சொன்ன பள்ளிக்கு விண்ணப்பத் தேதி போன வாரத்தோடு முடிந்துவிட்டது என்றேன். தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அதே மண்டபத்தின் வாசலில் நீங்கள் போட்டிருந்த விளம்பரதாரர் மேசைகளையும் பார்த்தேன். வீடு விற்றுக்கொடுப்பவர்கள் ஒருபக்கம், டியூஷன் மையங்கள் ஒருபக்கம். பள்ளிகளைப் பற்றி விலாவாரியாகப் பேசியவர்கள் அவர்கள்தான். ஒரு மேசையில் "சார்ட்டர் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி" என்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். டெக்சஸில் சார்ட்டர் பள்ளி நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கக் கூடாது. இசை, நடனம் மாதிரிக் கலைகளுக்கென்றே நடக்கும் பள்ளிகள் மட்டும் திறமையைக் காட்டச் சொல்லலாம். இல்லாத பரீட்சைக்கு நம் மண்டபத்திலேயே ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சங்கத்தின் வாழ்த்தோடு. வாடகைக்கு அவர்கள் பணம் தேவைப்படுகிறது என்பது புரிகிறது. அதனால் அவர்களை விரட்டச் சொல்லவில்லை. இன்னொரு குரலுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். என்ன பேசப்போகிறேன் என்பதை முன்கூட்டியே இங்கே எழுதிவிடுகிறேன்.

சார்ட்டர் என்றால் சாசனம். ஒரு லாபநோக்கற்ற அமைப்பு, "இப்படிப் பாடம் நடத்துவோம், இந்த அளவு தேர்ச்சி காட்டுவோம்" என்று மாநிலத்துக்கு எழுதிக்கொடுத்து, அனுமதி வாங்கி, அரசுப் பணத்தில் பள்ளி நடத்துகிறது. ஊரில் அரசு உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றனவே, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் அங்கே அரசு ஆசிரியர் சம்பளத்தைக் கொடுக்கிறது, இங்கே பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று, அதுவும் வருகைப் பதிவைப் பார்த்துக் கொடுக்கிறது. இந்த வருகைப் பதிவு விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இந்த யோசனையை 1988-ல் நாடு முழுக்கப் பேசவைத்தவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதல் சட்டம் 1991-ல் மினசோட்டாவில் வந்தது. அடுத்த வருடம் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது, படிப்பை நடுவில் விட்ட பிள்ளைகளுக்காக. சில வருடங்களில் ஷாங்கரே அது போன போக்கைப் பார்த்து எதிர்ப்பாளர் ஆகிவிட்டார். டெக்சஸ் சட்டம் 1995-ல் வந்தது. இன்று இந்த மாநிலத்தில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சார்ட்டர் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஹார்மனி, அப்லிஃப்ட், கிரேட் ஹார்ட்ஸ், பேசிஸ், கிப், ஐடியா என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிபடும் பெயர்கள் எல்லாம் இந்த வகைதான். ஒன்று கணிதமும் அறிவியலும் என்கிறது, இன்னொன்று பழைய செவ்வியல் நூல்கள் என்கிறது. "சார்ட்டர் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பது "ஹோட்டல் சாப்பாடு நல்லதா?" என்று கேட்பது போலத்தான். எந்த ஹோட்டல், என்ன சாப்பாடு?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வகம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. சார்ட்டர் பிள்ளைகள் சராசரியாக வாசிப்பில் வருடத்துக்கு 16 நாள் பாடமும் கணிதத்தில் 6 நாள் பாடமும் கூடுதலாகக் கற்கிறார்கள். ஆறு நாளுக்காகவா தினம் நாற்பது நிமிடம் கார் ஓட்டினேன் என்று நான் நினைத்ததுண்டு. அதே ஆய்வகம் 2015-ல் இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளைத் தனியாகப் பார்த்தபோது, கணிதத்தில் 180 நாள் பின்தங்கல் தெரிந்தது. அதாவது ஒரு முழு வருடப் பாடம். சராசரிக்குள் இரண்டு துருவமும் ஒளிந்திருக்கின்றன.

சரி, சேர்க்கைக்கு வருகிறேன்.

ஊரில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பங்கள் குவிந்தால் குலுக்கல் போடுவார்கள் இல்லையா, இங்கே முழுப் பள்ளிக்கும் அதுதான். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். டெக்சஸ் சட்டம், முறையாக முன்கூட்டியே விளம்பரம் கொடுத்திருந்தால் முதலில் வந்தவருக்கு முதலில் என்றும் கொடுக்க விடுகிறது, ஆனால் நடைமுறையில் நான் பார்த்ததெல்லாம் குலுக்கல்தான். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கும், ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை உண்டு. ஒவ்வொரு பள்ளியின் சாசனத்திலும் எந்த எல்லைக்குள் குடியிருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருக்கும். வீடு மாறும்போது அதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் வாக்கில் திறந்து, குளிர்காலத்திலேயே மூடிவிடும். அதனால்தான் தீபாவளி மேடையைக் கேட்கிறேன். பொங்கல் விழாவில் சொன்னால் பாதிப் பேருக்குக் கெடு தாண்டியிருக்கும். தாண்டியபின் அனுப்பினால் காத்திருப்புப் பட்டியலின் வாலில் போடுவார்கள். என் மகளுக்கு முதல் வருடம் அதுதான் நடந்தது. அந்தப் பட்டியல் தானாக அடுத்த வருடத்துக்கும் தொடரும் என்று நம்பிச் சும்மா இருந்தேன். தொடராது. பெரும்பாலான பள்ளிகளில் வருடாவருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நண்பர் சொல்லித்தான் அடுத்த வருடம் மறுபடி அனுப்பி, நான்காம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. அந்த மின்னஞ்சலும் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. பதில் சொல்ல இரண்டே நாள் கெடு. அதில் ஒன்றரை நாள் ஏற்கெனவே போயிருந்தது. இப்போதுகூட பிப்ரவரி மாதம் வந்தால் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், விண்ணப்பிக்க வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு பயம் உண்டு. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற அரசு அடையாள எண் இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கு இலவசப் பள்ளிக்கல்வியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியதே இந்த டெக்சஸின் டைலர் நகரத்தில்தான். எண் இல்லாவிட்டால் மாநிலம் மாற்று எண் ஒன்று கொடுக்கும். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, ஊரில் போட்ட தடுப்பூசிகளின் அட்டை, பழைய பள்ளியின் மதிப்பெண் தாள், இவ்வளவு போதும். ஒன்றாம் வகுப்புக்கு முந்திய கிண்டர்கார்ட்டனுக்கு செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும்.

பணம் பற்றி. கட்டணம் கிடையாது. ஆனால் "ஒவ்வொரு குடும்பமும் இந்த ஆண்டு இவ்வளவு கொடுத்து உதவினால்" என்று கடிதம் வரும். வழவழப்பான தாளில், கீழே தொகையும் போட்டு. அது நன்கொடை. கொடுக்காவிட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது. நம் ஆட்களுக்கு இது தெரியாது. டொனேஷன் என்ற சொல்லுக்கு நம்மூரில் வேறு அர்த்தம் இருப்பதால், பயந்துகொண்டு முதல் வாரமே கட்டிவிடுகிறோம். நானும் கட்டினேன். மனமுவந்து கொடுத்திருந்தால் வேறு விஷயம்.

இவையெல்லாம் உள்ளே நுழைவதற்கு முந்திய கதை. நம் குழுக்களில் பேச்சு இதோடு நின்றுவிடுகிறது. "கிடைச்சிருச்சு!" என்று ஒரு செய்தி, அறுபது கைதட்டல் பொம்மை, அவ்வளவுதான். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. குலுக்கலில் பெயர் வந்தால் ஒரு பள்ளி நம்மிடம் ஒப்பந்தத்தை நீட்டுகிறது என்று அர்த்தம். கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டாமா? வீட்டுக்கடன் தாளை நான்கு பேரிடம் காட்டி, வக்கீலிடம் கேட்டு, அப்புறம்தானே போடுகிறோம்.

வீட்டு முகவரியை வைத்துச் சேர்த்துக்கொள்ளும் வட்டார அரசுப் பள்ளியில் இருக்கும் சில பாதுகாப்புகள் சார்ட்டரில் இல்லை. கிண்டர்கார்ட்டன் முதல் நான்காம் வகுப்புவரை ஒரு வகுப்பில் 22 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மாநில வரம்பு சார்ட்டர் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆசிரியருக்கு இளங்கலைப் பட்டம் இருந்தால் போதும். சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி ஆசிரியர்களைத் தவிர மற்றவர்களுக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயமில்லை. சான்றிதழ் இல்லாத அருமையான ஆசிரியர்களும் உண்டு. என் மகளுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தந்தவர் அப்படி ஒருவர்தான், ஓய்வுபெற்ற பொறியாளர். ஆனால் ஒவ்வொரு ஆசிரியரின் தகுதியையும் பள்ளி பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தத் தாளைக் கேளுங்கள். ஒரே ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வருடா வருடம் பாதிப் பேர் மாறினால் அங்கே ஏதோ சரியில்லை.

மஞ்சள் பேருந்து பல பள்ளிகளில் கிடையாது. காலையில் கார் வரிசை, மதியம் கார் வரிசை. மூன்றேகாலுக்குப் பள்ளி விட்டால் இரண்டே முக்காலுக்கே போய் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அந்தக் காருக்குள் நான் அலுவலகக் கூட்டங்களில் கலந்துகொண்டிருக்கிறேன், கீரை ஆய்ந்திருக்கிறேன். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதை யார் செய்வது என்று முடிவுசெய்யாமல் "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். பல வீடுகளில் முடிவுசெய்யாமலே அது அம்மாவின் வேலையாகிவிடுகிறது.

ஊருக்குப் போவது இன்னொரு தலைவலி. டிசம்பரில் கிளம்பி, பொங்கல் முடித்து, ஒரு கல்யாணத்தையும் பார்த்துவிட்டு ஆறு வாரம் கழித்து வருவது நம் வழக்கம். நடத்திய வகுப்புகளில் 90 சதவீதம் வந்திருந்தால்தான் அந்தப் பாடத்துக்குத் தேர்ச்சி என்பது டெக்சஸ் விதி, எல்லா அரசுப் பள்ளிக்கும். வராத நாளுக்குப் பள்ளிக்குப் பணமும் வராது என்று முன்னால் சொன்னேன் இல்லையா. வட்டாரப் பள்ளியாக இருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி உட்காரலாம், அந்த இடம் உங்கள் முகவரிக்கு உரியது. சார்ட்டர் பள்ளியில் நீண்ட விடுப்பெடுத்த பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டால், அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பெற்றோர் கையேட்டில் விடுப்பு விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

இப்போது என் மகன் கதை. இதைச் சொல்லத்தான் மூன்று வருடமாகத் தயங்கினேன்.

அவனுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. மூன்று வயதிலேயே எங்கள் பகுதிக் கல்வி மாவட்டத்தின் வட்டாரப் பள்ளியில் சேர்த்து, ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் எழுதி, பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். கிண்டர்கார்ட்டன் வயது வந்தபோது, அக்கா படிக்கும் பள்ளி என்பதால் சார்ட்டரில் அவனுக்குக் குலுக்கல் இல்லாமலே இடம் வந்தது. ஐ.இ.பி. தாள்களை எடுத்துக்கொண்டு போனோம். பள்ளியில் ஓர் அம்மையார் மிகவும் அன்பாகப் பேசினார். "பேச்சுப் பயிற்சியாளர் எங்களிடம் வாரம் ஒரு நாள்தான் வருகிறார். உங்கள் மகனுக்கு வட்டாரப் பள்ளிதான் பொருத்தமாக இருக்கும். நீங்களே யோசித்துப் பாருங்கள்" என்றார். காபி கொடுத்தார். நாங்களும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இரண்டு பிள்ளைக்கு இரண்டு பள்ளி, இரண்டு கார் வரிசை. அவர் நம் நல்லதுக்குத்தான் சொன்னார் என்று வேறு வீட்டில் பேசிக்கொண்டோம்.

சில மாதம் கழித்து, தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பல வருடம் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவை சொன்னதை எழுத்தில தரச் சொல்லிக் கேட்டனீங்களோ?"

இல்லை என்றேன்.

"கேட்டிருந்தா அப்பிடி ஒரு கடிதம் வந்திராது. பிள்ளைக்கு இடம்தான் வந்திருக்கும்."

சார்ட்டர் பள்ளியும் அரசுப் பள்ளி. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் அதற்கும் முழுசாகப் பொருந்தும். டெக்சஸில் ஒவ்வொரு சார்ட்டர் அமைப்பும் தனிக் கல்வி மாவட்டம் மாதிரி, அதனால் "மாவட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று கைகாட்டவும் வழியில்லை. ஐ.இ.பி.யோடு வரும் பிள்ளைக்கு முந்திய பள்ளியில் கிடைத்ததற்கு இணையான உதவியைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் வாரம் ஒரு நாள்தான் வருகிறார் என்றால், இன்னொருவரை ஏற்பாடு செய்வது பள்ளியின் வேலை. அந்த அம்மையார் எங்களை மறுக்கவில்லை, பாருங்கள். நாங்களாகவே விலகும்படி பேசினார். மறுத்திருந்தால் புகார் செய்திருக்கலாம். காபி கொடுத்து அனுப்பினால் யாரிடம் போய்ப் புகார் செய்வது?

சார்ட்டர் பள்ளிகள் மட்டும்தான் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்த மாநிலமே பல வருடம் பள்ளிகளை நெருக்கிவந்ததை ஹூஸ்டன் நாளிதழ் ஒன்று 2016-ல் வெளியில் கொண்டுவந்தது. 2018-ல் கூட்டாட்சிக் கல்வித் துறை அது சட்டமீறல் என்றது. அதனால் எந்தப் பள்ளியாக இருந்தாலும், பிள்ளைக்கு மதிப்பீடு வேண்டுமென்றால் வாயால் கேட்காதீர்கள். மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுதிக் கேட்டால் 15 பள்ளி நாளுக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டபின் 45 பள்ளி நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். அப்புறம் பிள்ளைக்கு என்ன உதவி என்று முடிவுசெய்யக் கூடுவதை இங்கே "ஆர்ட்" கூட்டம் என்பார்கள். அதில் பெற்றோரும் ஓர் உறுப்பினர், விருந்தாளி அல்ல.

இதைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியாகவும் சொல்கிறேன். "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு வரவில்லை, ஆங்கிலத்துக்கு மாறுங்கள்" என்று எங்களுக்கு அறிவுரை சொன்னவர்களில் நம்மவர்களே அதிகம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. அந்த அறிவுரையைக் கேட்டு ஒரு வருடம் பிள்ளையிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினேன். தாலாட்டுக்கூட நின்றுபோனது.

வீட்டுமொழிப் படிவமும் இதே வகைச் சிக்கல்தான். சேர்க்கும்போது வீட்டில் எந்த மொழி, பிள்ளை எந்த மொழியில் அதிகம் பேசுகிறது என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் "தரம் குறைந்த வகுப்பில்" போட்டுவிடுவார்கள் என்று நம் குழுக்களில் ஒரு வதந்தி ஓடுகிறது, அதனால் பலர் ஆங்கிலம் என்று எழுதுகிறார்கள். உண்மையில் தமிழ் என்று எழுதினால் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள். தேறிவிட்டால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் கூடுதல் ஆங்கில உதவி கிடைக்கும், வருடாவருடம் ஒரு சோதனையும் இருக்கும். உதவி வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக்கொடுக்கவும் முடியும். தமிழ்ப் பள்ளிக்குக் கட்டணம் கட்டிப் பிள்ளையை அனுப்பிவிட்டு, அரசுப் படிவத்தில் தமிழை மறைப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு கணக்கு. டெக்சஸில் 1997 முதல், வகுப்பில் மேல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதை 6 சதவீதமாக வைத்திருந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 ஆக்கிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் 60 பேர் இருக்கும் ஒரு சார்ட்டர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சதவீதம் என்றால் மூன்றே பேர். விடாப்பிடியாகப் படிக்கும் பிள்ளைகள் மட்டுமே கடைசிவரை தங்கும் பள்ளியில் அந்த மூன்றில் ஒருவராக வருவது எப்படி என்று யோசியுங்கள். எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வட்டாரப் பள்ளிக்குத் திரும்ப இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளுக்கு மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்க ஆசை. சிறிய பள்ளியில் பேண்டு கிடையாது. திரும்பிப் போக யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சார்ட்டரில் சேர்த்தாலும் வட்டாரப் பள்ளி மேல் உங்களுக்கு உள்ள உரிமை போகாது, வருட நடுவில்கூட. போனால் திரும்ப முடியாது என்று நினைத்து, பிடிக்காத பள்ளியில் பிள்ளையை வருடக்கணக்கில் வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கடைசிவரை தங்கும் பிள்ளைகள் என்றேன். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர், அதே அணி பன்னிரண்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 120 பேர் 50 ஆகியிருந்தால், மீதி எழுபது பேர் எங்கே போனார்கள், ஏன் போனார்கள்? பள்ளியின் "நூறு சதவீதக் கல்லூரிச் சேர்க்கை" பலகை அந்த ஐம்பது பேரைப் பற்றியது மட்டுமே. பிள்ளைகள் போன இடத்தைப் புதியவர்களால் நிரப்புகிறார்களா, காலியாக விடுகிறார்களா என்றும் கேளுங்கள். மாநிலக் கல்வித் துறை சார்ட்டர் பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளைப் போலவே ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது, அதன் தளத்தில் எந்தப் பள்ளியையும் தேடலாம். ஆனால் அந்த ஒற்றை எழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளி மூடிப்போகவும் செய்யும். மூன்று வருடம் தொடர்ந்து படிப்பிலோ நிதியிலோ தோற்றால் டெக்சஸ் சாசனத்தைப் பறித்துவிடுகிறது. இது ஒருவகையில் நல்ல விதி, உங்கள் பிள்ளை அந்த மூன்றாம் வருடத்தில் அங்கே இல்லாதவரை. ஒஹையோவில் 2018 ஜனவரியில் ஈகாட் என்ற பெரிய இணையப் பள்ளி கல்வியாண்டின் நடுவில் மூடியது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடினார்கள். பணம் எப்படிச் செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சார்ட்டர் பள்ளியின் நிர்வாகக் குழுவை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் கூட்டங்கள் பொதுவில் நடக்க வேண்டும், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். ஐடியா அமைப்பு தனி விமானம் குத்தகைக்கு எடுக்கத் திட்டமிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. 2024 மார்ச்சில் மாநிலம் அதற்குக் கண்காணிப்பாளர்களை நியமித்தது. அதன் வகுப்பறைகளில் நல்ல ஆசிரியர்கள் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு முறையாவது குழுக் கூட்டத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து வருடத்தில் நான் ஒரே ஒரு முறை போனேன். பார்வையாளர் நாற்காலிகளில் நான் மட்டும்தான் இருந்தேன்.

செயற்குழுவில் இரண்டு பேர் என்னிடம் தனியாகச் சொன்னார்கள், இந்த விஷயத்தை எடுத்தால் சண்டை வரும் என்று. வட்டாரப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை குறைந்துவருகிறது, இங்குள்ள பிளேனோ கல்வி மாவட்டம் 2024-ல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது, இந்த நேரத்தில் சார்ட்டருக்கு வழி சொல்வதா என்று கேட்கிறார்கள். பிளேனோவின் கதைக்குப் பிறப்பு குறைவதும் வீட்டு விலையும் பெரிய காரணங்கள். ஆனாலும் கேள்வி நியாயமானது, அதை மேடையிலேயே கேட்கட்டும். நான் எந்தப் பள்ளிக்கும் ஆள் சேர்க்க வரவில்லை. என் ஒரு பிள்ளைக்குச் சார்ட்டர் ஐந்து வருடம் நன்றாகவே அமைந்தது, இன்னொரு பிள்ளையை அது வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இரண்டையும் சொல்லப்போகிறேன்.

எனக்கு வேண்டியது: தீபாவளி நிகழ்ச்சியில் நாற்பது நிமிடம், ஒரு புரொஜெக்டர், வாசலில் விண்ணப்பத் தேதிகளை எழுதி வைக்க ஒரு வெள்ளைப் பலகை. சிறப்புக் கல்வி பற்றிப் பேச யாழ்ப்பாணத்து அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். துண்டுச்சீட்டு அச்சடிக்கும் செலவு என்னுடையது. அதில் டியூஷன் மையத்தின் விளம்பரம் வேண்டாம்.

நேரமே இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். போன தீபாவளி நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன், சினிமாப் பாட்டுக்கு நடனம் மட்டும் பதினேழு. அதில் ஆறாவது நடனத்தில் என் மகளும் ஆடினாள். இந்த வருடமும் ஒத்திகை தொடங்கிவிட்டாள். இடம் போதாவிட்டால் முதலில் அதையே எடுத்துவிடுங்கள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளி மூன்றாம் நிலை மாணவன் ஒருவனின் அம்மா